சின்சில்லாவின் பின்னங்காலுக்கு ஏற்ற ஓட்டச் சக்கரம்: வீட்டில் செய்த ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் வளரும் இரண்டு சின்சில்லாக்களுக்காக (சின்சில்லா என்பது தென் அமெரிக்க மலைகளைச் சேர்ந்த, அடர்ந்த மயிருள்ள சிறு கொறிவிலங்கு), கடையில் வாங்கிய சக்கரத்தை அகற்றிவிட்டு நாங்களே செய்து பொருத்திய ஓட்டச் சக்கரத்தின் வடிவமைப்பையும், அது கூண்டில் எப்படிப் பயன்பட்டது என்பதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. இரண்டும் உடன்பிறந்த பெண் விலங்குகள். முழு வளர்ச்சி அடைந்தவை. ஒன்று ஏறத்தாழ 550 கிராம் எடையும் மற்றது 650 கிராம் எடையும் உள்ளவை. முன்பு இருந்த சக்கரம் 28 செ.மீ. விட்டம் கொண்டது. அதன் ஓடுதளம் இடைவெளி விட்டுக் கோத்த கம்பிகளால் ஆனது. அச்சிலிருந்து விளிம்புவரை குறுக்குச் சட்டங்கள் ஓடின. இருபுறமும் நிலையான கால்கள் அதைத் தாங்கி நின்றன. ஓடிக்கொண்டிருந்த சிறியவளின் பின்னங்கால் விரல் கம்பிகளுக்கு இடையே சிக்கி, நகம் ஒன்று அடியோடு பிய்ந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், எலும்பு முறியவில்லை என்று உறுதி செய்த கையோடு, அந்தச் சக்கரத்தை அன்றே கழற்றிவிடச் சொன்னார். நகத்தோடு போனது நல்வாய்ப்பு என்பது அவர் காட்டிய எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

எலும்பிலிருந்து தொடங்குதல்

சின்சில்லாவின் பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் கீழ்க்கால் எலும்பு, தொடை எலும்பைவிட நீளமானது. ஆனால் மிக மெலிந்தது. அதற்குப் பக்கத்துணையாக இருக்க வேண்டிய சிற்றெலும்பு இவ்விலங்கில் பெயரளவுக்கே இருக்கிறது. சுற்றிலும் தசையும் குறைவு. எனவேதான் வீடுகளில் வளரும் சின்சில்லாக்களுக்கு ஏற்படும் எலும்பு முறிவுகளில் இந்த எலும்பு முறிவதே மிகுதியாகக் காணப்படுகிறது. கம்பியிலோ வலையிலோ கால் மாட்டிக்கொள்ள, உடல் மட்டும் முன்னே பாய்கிற கணத்தில் அது முறிகிறது. முறிந்தபின் கட்டுப் போட்டு ஆறவைப்பதும் எளிதன்று, ஏனெனில் வாழ்நாள் முழுதும் வளரும் பற்களை உடைய இந்த விலங்கு கட்டையே கடித்துத் தின்றுவிடும். காலை அகற்ற நேர்வதும் உண்டு. மூன்று கால்களோடு அவை நன்றாகவே வாழப் பழகிக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு தவறான சக்கரத்துக்காக எந்த விலங்கும் கொடுக்க வேண்டிய விலை அன்று அது.

இந்த மெலிந்த எலும்பு, ஆண்டிஸ் மலைத்தொடரின் பாறைச் சரிவுகளில் தாவுவதற்கென்று அமைந்தது. இன்று வட அமெரிக்க வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை, மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923-இல் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த 11 விலங்குகளின் வழித்தோன்றல்கள். அவர் அவற்றைக் கொண்டுவந்தது தோலுக்காக. அதன்பின் எத்தனையோ தலைமுறைகள் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தும் கால் மாறவில்லை. தாவும் வேட்கையும் மாறவில்லை. சக்கரம் ஓட்டத்தை மட்டுமே தரும். தாவுவதற்குரிய பலகைத் தட்டுகள் கூண்டில் தனியாக இருந்தே ஆக வேண்டும் என்பதால், தட்டுகளை எடுத்துவிட்டுச் சக்கரத்துக்கு இடம் செய்வதை நான் ஏற்பதில்லை.

பழைய சக்கரத்தை மேசைமேல் வைத்து, காலின் அளவுள்ள ஒரு கேரட் துண்டை ஒவ்வோர் இடைவெளியிலும் நுழைத்துக் கையால் சுழற்றிப் பார்த்தோம். கம்பிகளுக்கு இடையே அது சிக்கும் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் கேரட்டை நிஜமாகவே வெட்டியது வேறோர் இடம்: சுழலும் குறுக்குச் சட்டம், அசையாமல் நிற்கும் தாங்குகாலைக் கடக்கும் இடம். ஓடும் சக்கரத்துக்குள் பக்கவாட்டிலிருந்து இன்னொரு சின்சில்லா பாய்ந்து ஏறும்போது அதன் கால் முதலில் நுழைவது அங்கேதான். அந்த இரண்டு இரும்புகளும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளாகச் செயல்படுகின்றன. கம்பித் தளத்தின்மேல் அட்டையோ துணியோ சுற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் சுற்றினாலும் இந்த வெட்டும் இடம் அப்படியே இருக்கும். ஆகவே புதிய சக்கரத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட முதல் நிபந்தனை, விலங்கு ஏறும் பக்கத்தில் அசையும் பாகத்துக்கு எதிரே அசையாத பாகம் எதுவுமே இருக்கக் கூடாது என்பது. பின்சுவர் மூடியதாகவும், முன்பக்கம் முழுவதும் திறந்ததாகவும், பின்னாலிருந்து மட்டும் தாங்கப்படுவதாகவும் சக்கரம் அமைந்தாக வேண்டும் என்பது இதிலிருந்தே முடிவாகிவிட்டது.

விட்டம்

சின்சில்லாவுக்குக் குறைந்தது 38 செ.மீ., அதாவது 15 அங்குலம் விட்டம் வேண்டும் என்பது வளர்ப்போரிடையே பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஓடும்போது முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே 20 செ.மீ. தொலைவு இருப்பதாக வைத்துக்கொண்டால், 28 செ.மீ. சக்கரத்தில் கால்கள் ஊன்றிய இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தளம் 4.2 செ.மீ. குழிந்திருக்கும், 40 செ.மீ. சக்கரத்திலோ அந்தக் குழிவு 2.7 செ.மீ. மட்டுமே. குழிவு கூடக்கூட முன்னங்கால்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, முதுகு பின்புறமாக வளைகிறது. இரவில் மணிக்கணக்கில் ஓடும் விலங்கு அந்த வளைவோடுதான் ஓட வேண்டியிருக்கும். பழைய சக்கரத்தில் எங்கள் பெரியவள் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டே ஓடியதற்குக் காரணம் இதுதான்.

எதைக்கொண்டு செய்வது

பிளாஸ்டிக்கை எடுத்த எடுப்பிலேயே விலக்கினோம். சின்சில்லா கடித்த துண்டுகளை விழுங்கும். இவ்விலங்கால் வாந்தி எடுக்க முடியாது. குடல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பிளைவுட்டில் சக்கரம் செய்வோர் பலர் இருக்கிறார்கள், அழகாகவும் செய்கிறார்கள். ஆனால் அதன் பசையைக் கடிக்க விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிறுநீர் ஊறிய மரத்தைச் சுத்தம் செய்யவும் முடியாது. மரச் சக்கரத்தில் இதைவிடப் பெரிய குறை அதன் கனம். கனத்த விளிம்பு, விலங்கு நின்ற பிறகும் தன் போக்கில் சுழன்றுகொண்டே இருக்கும். சட்டென்று நின்ற விலங்கைத் தூக்கி மேலே கொண்டுபோய்ப் புரட்டிப் போடும். அரைக் கிலோவுக்குச் சற்றே மிகுந்த எடையுள்ள ஓர் உயிர் தானாகவே ஓட்டவும் நிறுத்தவும் கூடிய அளவுக்கு அந்தச் சக்கரம் இலகுவாக இருக்க வேண்டும்.

இந்தத் தேவைகளுக்கெல்லாம் பொருந்தி வந்தது, உணவகங்களுக்குப் பாத்திரம் விற்கும் கடையில் கிடைக்கும் அலுமினிய கேக் தட்டு. 16 அங்குல விட்டமும் 4 அங்குல ஆழமும், அதாவது ஏறத்தாழ 40.6 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உடைய வட்டத் தட்டு அது. பக்கச் சுவர் சரிவில்லாமல் நேராக நிற்கும் வகையைத் தேர்ந்தெடுத்தோம். ஒரே தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கப்பட்டதால் அதில் மூட்டு இல்லை, ரிவிட் இல்லை, விரல் மாட்டும் விளிம்பும் இல்லை. வாய்விளிம்பு உருட்டி மடிக்கப்பட்டிருப்பதால் கூர்மையும் இல்லை. ஒட்டாத பூச்சு பூசிய தட்டு கூடாது. இந்தத் தட்டின் ஒரே குறை அதன் 10 செ.மீ. ஆழம். சின்சில்லாவின் கால்தடம் அதற்குள் அடங்கிவிடுகிறது என்றாலும், பருத்த உடல்வாகு உடைய விலங்குக்கு 13 செ.மீ. இருப்பது நல்லது. எங்கள் இரண்டும் ஒடிசலானவை என்பதால் 10 செ.மீ. போதுமாயிற்று. இவற்றைவிடப் பெரிய விலங்குக்குச் செய்வோர், அதே விட்டமுள்ள அலுமினியப் பானையை 13 செ.மீ. உயரத்தில் அறுத்து, அறுத்த விளிம்பை உட்புறம் கூர்மை தெரியாதபடி வெளிப்பக்கமாக மடித்துக்கொள்ளலாம். அதற்குத் தகடு வேலை தெரிந்த ஒருவரின் கை வேண்டும்.

அச்சும் தாங்கியும்

ஒரு பக்கம் மட்டும் தாங்கப்படும் சக்கரத்தின் வலுவும் அமைதியும் அச்சிலேயே இருப்பதால் இந்தப் பகுதிக்கே மிகுதியான நேரம் செலவிட்டோம். ஸ்கேட்போர்டுச் சக்கரங்களில் இருக்கும் 608 வகைப் பேரிங்குகள் இரண்டை எடுத்துக்கொண்டோம். அவற்றின் உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ., தடிமன் 7 மி.மீ. இங்குள்ள கடைகளில் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவில்தான் கிடைக்கின்றன. 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ. என்பதால் அந்தத் துளைக்குள் சரியாக இறங்கும். ஆனாலும் பேரிங்கைக் கடைக்கே எடுத்துச்சென்று போட்டுப் பார்த்து வாங்குவதுதான் நல்லது, ஏனெனில் சில போல்ட்டுகளின் தண்டு சொன்ன அளவைவிட மெலிந்திருக்கும். அந்தத் தளர்ச்சி விளிம்புக்கு வரும்போது பெரிய ஆட்டமாகிவிடும்.

போல்ட்டின் தலை சக்கரத்துக்குள், விலங்கு இருக்கும் பக்கம் வருகிறது. அதனால் குவிந்த வழுவழுப்பான தலையும், அதற்குக் கீழே சதுரக் கழுத்தும் உடைய வண்டிப் போல்ட்டைத் தேர்ந்தெடுத்தோம். துத்தநாகம் பூசிய போல்ட் விலை குறைவு. ஆனால் கடித்து உள்ளே போகும் துத்தநாகம் சின்சில்லாவுக்கு நஞ்சு என்பதால் துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். தட்டின் நடுப்புள்ளியைக் கண்டறிய, தட்டின் அடிப்பாகத்தைக் காகிதத்தில் வரைந்து வெட்டி, அதை இருமுறை சரிபாதியாக மடித்தோம். மடிப்புகள் சந்திக்கும் இடமே மையம். அந்த இடத்தில் துளையிட்டு, அரத்தால் சதுரமாக ராவினோம். தட்டின் தகடு மெல்லியது என்பதால், பின்புறம் 3 மி.மீ. தடிமனும் 15 செ.மீ. விட்டமும் உள்ள அலுமினிய வட்டு ஒன்றை அதே சதுரத் துளையோடு சேர்த்து, மெலிந்த நட் ஒன்றால் இறுக்கினோம். போல்ட், தட்டு, வட்டு மூன்றும் இப்போது ஒரே உடலாகச் சுழலும். ரிவிட்டும் பசையும் தேவைப்படவில்லை.

தாங்கி இரண்டு பாகங்களால் ஆனது. கூண்டின் உட்புறம், சக்கரத்தைவிடச் சற்றுப் பெரிதாக, 19 மி.மீ. தடிமனுள்ள பைன் பலகை. கூண்டின் வெளிப்புறம், 38 மி.மீ. தடிமனுள்ள பைன் கட்டை. கூண்டுக் கம்பிகளை இடையில் வைத்து நான்கு போல்ட்டுகள் இவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. மரம், உலையில் உலர்த்திய, மருந்தடிக்காத பைனாக இருக்க வேண்டும். தேவதாரு வகையான சீடர் மரத்தின் எண்ணெய் இவ்விலங்குக்கு ஆகாது. துளையிடுவதற்குமுன் இரண்டு மரங்களையும், கம்பியின் தடிமன் அளவுக்குச் சிறு சக்கைகளை இடையில் வைத்துச் சேர்த்து இறுக்கி, நிலையான டிரில்லில் ஒரே துளையாக இட்டோம். தனித்தனியாக இட்டால் இரண்டு பேரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் அமையா. முன் பேரிங் பலகையின் முகத்திலும், பின் பேரிங் கட்டையின் பின்முகத்திலும் அழுத்திச் செருகப்பட்டன. முன் பேரிங்குக்கு முன்னால், நட் மறையும் அளவுக்கு 4 மி.மீ. குழி ஒன்றும் எடுக்கப்பட்டது.

இந்தக் குழியின் பயன் பெரிது. அது இல்லாவிட்டால் சக்கரத்தின் முதுகுக்கும் பலகைக்கும் இடையே ஏறத்தாழ 9 மி.மீ. இடைவெளி விழும், சக்கரத்தின் உச்சியில் ஏறி நிற்கும் விலங்கின் கால் அதில் வழுக்கி இறங்கக்கூடும். குழி எடுத்தபின் இடைவெளி 5 மி.மீ.க்குக் குறைந்தது. உட்பலகையே இல்லாமல், கட்டையை மட்டும் கூண்டின் உள்ளே பொருத்தும் எளிய முறையும் உண்டு. ஆனால் அப்போது சக்கரத்துக்குப் பின்னால் ஐந்து செ.மீ. சந்து உண்டாகும், அதற்குள் தலையை நுழைக்காத சின்சில்லாவை நான் பார்த்ததில்லை.

இரண்டு பேரிங்குகளின் மையங்களுக்கு இடையே ஏறத்தாழ 50 மி.மீ. இருக்கிறது. விலங்கு ஓடும் கோடு முன் பேரிங்குக்கு 62 மி.மீ. முன்னால் விழுகிறது. எனவே முன் பேரிங் தாங்குவது விலங்கின் எடையில் இரண்டே கால் மடங்கு: 650 கிராமுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. பாய்ந்து ஏறும்போது இது பல மடங்காகும் என்றாலும், நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் 608 பேரிங்குக்கு அது ஒரு பொருட்டன்று. வளையக்கூடியது தட்டின் முதுகுதான். அலுமினிய வட்டு அங்கே இருப்பது அதற்காகவே. பேரிங்குகளில் ரப்பர் மூடி போட்டவற்றையே எடுத்தோம். சின்சில்லா எரிமலைத் துகளில் புரண்டு குளிப்பது. அந்த நுண்தூசி திறந்த பேரிங்கைச் சில வாரங்களிலேயே அரைத்துவிடும். ரப்பர் தரும் சிறு இறுக்கம், சக்கரம் கட்டற்றுச் சுழலாமல் தடுக்கவும் உதவுகிறது.

ஓடுதளம், உயரம், சோதனை

வெறும் அலுமினியம் வழுக்கும். இதற்குத் துணி சுற்றுவதும் உப்புத்தாள் ஒட்டுவதும் பலர் செய்வது. முன்னதன் நூல் விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், பின்னது உள்ளங்காலைத் தேய்த்துப் புண்ணாக்கும். நாங்கள் உப்புத்தாளைக்கொண்டு தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டு, உலோகத் தூள் போகும்வரை வெந்நீரில் கழுவினோம். அவ்வளவே போதுமாயிற்று.

சக்கரத்தின் அடிக்கும் கூண்டின் தரைக்கும் இடையே 15 செ.மீ. விட்டோம். மூன்று செ.மீ.க்குக் குறைந்தால் உடல் நுழையாது; 15 செ.மீ. இருந்தால் தடையின்றிக் கடந்து போகும். இடைப்பட்ட உயரமே ஆபத்து, ஏனெனில் படுத்து நுழையும் விலங்கு மேலே சுழலும் விளிம்போடு முட்டிக்கொண்டு நெருக்கப்படும். பக்கத்திலிருந்த பலகைத் தட்டையும் இதே காரணத்துக்காக விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்தோம்.

விலங்குகளை விடுவதற்குமுன் மூன்று சோதனைகள் நடந்தன. பஞ்சை எல்லா விளிம்புகளிலும் போல்ட் தலையிலும் தேய்த்து இழுத்தோம். இழை மாட்டிய இடத்தில் பிசிறு இருக்கிறது என்று பொருள், அங்கே மீண்டும் ராவினோம். இரண்டு கிலோ அரிசிப் பையை விளிம்பருகே வைத்துச் சுழற்றி, சக்கரத்தின் முதுகு பலகையைத் தொடுகிறதா என்று பார்த்தோம். பிறகு கேரட்: சக்கரத்தைச் சுழலவிட்டு எல்லாப் பக்கங்களிலிருந்தும் நுழைத்தோம். பழைய சக்கரம் துண்டித்த அதே பருமனுள்ள கேரட்டில் இதில் கீறலும் விழவில்லை.

கூண்டில்

பெரியவள் முதல் மாலையிலேயே ஏறி ஓடினாள். காயம்பட்ட சிறியவள் நெடுநாள் அதன் பக்கமே போகவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. அவளாக ஏறிய பிறகு, இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே நெருங்குவதும், ஒருத்தி நிற்க மற்றவள் ஓட, நின்றவள் சுவரோடு மேலே போய்ச் சரிந்து விழுவதும் காணப்பட்டன. அடிபடவில்லை என்றாலும், இரண்டு விலங்குகள் உள்ள கூண்டில் இரண்டு சக்கரங்கள் வேண்டும் என்ற முடிவுக்கே வந்தோம். அதே அளவில் இரண்டாவது ஒன்றும் செய்யப்பட்டது. ஓட்டம் பெரும்பாலும் அந்தி மயங்கும் நேரத்திலும் விடியலுக்கு முன்பும்தான். பெரியவள் தலையை நேராக வைத்து, முதுகு வளையாமல் ஓடுகிறாள் என்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியில் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

சக்கரம் கிடைத்ததும் அளவுமீறி ஓடும் சின்சில்லாக்கள் உண்டு என்பதால், வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் இருவரையும் நிறுத்துக் குறித்துக்கொள்கிறோம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் சக்கரத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். புல் உண்பது குறைந்திருக்கலாம், பல் கோளாறாகவும் இருக்கலாம். அதே வேளையில் உள்ளங்கால்கள் சிவந்திருக்கின்றனவா என்றும் பார்க்கிறோம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கும், சினையாக இருப்பவற்றுக்கும், பாலூட்டுபவற்றுக்கும் சக்கரம் கொடுப்பதில்லை என்பது அனுபவமுள்ள வளர்ப்போரின் வழக்கம். அதை மாற்ற எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வெப்பத்தைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மயிர்கள் கிளம்பும் அடர்த்தியான தோல் இவ்விலங்குக்கு. வியர்வை வழியாக உடலைக் குளிர்விக்கவும் அதனால் முடியாது. ஓடும் விலங்கு உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்குகிறது. ஃபாரன்ஹீட்டில் அறை வெப்பத்தையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டி, தொகை 150-ஐத் தொட்டால் ஆபத்து என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு: 80 டிகிரி, அதாவது ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ், 70 விழுக்காடு ஈரப்பதத்தோடு சேர்ந்தால் அந்த எல்லை வந்துவிடும். ஒன்ராறியோவின் ஜூலை மாதத்தில் இது எளிதாக நேரும். குளிரூட்டி பழுதான நாட்களில் சக்கரங்களை அசையாமல் கட்டி வைத்துவிடுகிறோம்.

பராமரிப்பு குறைவு. வெந்நீரும் வினிகரும் கொண்டு வாரந்தோறும் துடைத்தால் சிறுநீர்க் கறை போய்விடும். கீறல்கள் தேய்ந்து தளம் மீண்டும் வழவழப்பாகும்போது, சக்கரத்தைக் கழற்றி வெளியே கொண்டுபோய்க் கீறல் போட்டுக் கழுவி மாட்ட வேண்டும்; கூண்டுக்குள் வைத்துத் தேய்க்கக் கூடாது. அப்படிக் கழற்றும்போதெல்லாம் நட் மறையும் குழியில் உதிர்ந்த முடி அச்சைச் சுற்றித் திரண்டிருப்பதைக் கண்டோம். அதை முள்வாங்கியால் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் நாளடைவில் அது ரப்பர் மூடிக்கு அடியில் நுழைந்து பேரிங்கை இறுக்கும். இரவில் உறுமல் சத்தம் கேட்கத் தொடங்கினாலோ, விளிம்பைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலோ, இரண்டு பேரிங்குகளையும் ஒருசேர மாற்றிவிடுகிறோம். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதன் தேய்மானம் அச்சைச் சாய்த்து, சக்கரத்தின் முதுகைப் பலகையில் உரச வைக்கும்.